கூச்சமில்லாமல் கேட்க ஓர் இடம்

(திருகோணமலையில் ஒரு சனசமூக நிலையத்தில், மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாமார், ஐயாமார், வாசலில் நிற்கிற தம்பிமார், எல்லாருக்கும் வணக்கம். முன்னால் இடம் இருக்கிறது, வந்து இருங்கள்.

வாழ்க்கைத் திறன்கள் பற்றிப் பேசச் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் 1990களிலேயே இதற்குப் பத்துத் திறன்களைப் பட்டியல் போட்டது: முடிவெடுத்தல், பிரச்சினை தீர்த்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் என்று அது போகும். நல்ல பட்டியல்தான். ஆனால் மூதூரிலோ குச்சவெளியிலோ ஒரு அம்மாவிடம் போய் "முடிவெடுக்கக் கற்றுத் தருகிறோம், வாருங்கள்" என்றால் அவர் வரமாட்டார். போர், இடப்பெயர்வு, 2004 சுனாமி, 2022 நெருக்கடி எல்லாவற்றுக்கும் நடுவில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவருக்கு முடிவெடுப்பது பற்றி நாம் என்ன சொல்லிக்கொடுக்க இருக்கிறது? அவரைத் திணறவைப்பது லோன் புத்தகத்தில் இருக்கிற கணக்கு, அரசாங்கக் கந்தோரில் நீட்டுகிற படிவம், போனில் வருகிற ஓ.டி.பி. மகனிடம் கேட்டால் சலித்துக்கொள்கிறான், கந்தோரில் கேட்டால் பின்னால் வரிசை நிற்கிறது, பக்கத்து வீட்டில் கேட்டால் வீட்டுக் கதை தெருவுக்குப் போய்விடும். நம் சனத்துக்கு மூளையில் குறைவில்லை, கூச்சமில்லாமல் கேட்க ஓர் இடம்தான் இல்லை.

அந்த லோன் கணக்கையே எடுங்கள். 50,000 ரூபா கடன், வருட வட்டி 24 சதவீதம், 12 மாதத் தவணை. வட்டி 12,000, மொத்தம் 62,000, மாதம் கிட்டத்தட்ட 5,167 கட்டுகிறீர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் ஆறு மாதம் முடியும்போது வாங்கிய கடனில் பாதியைக் கட்டிவிட்டீர்கள், உங்களிடம் நிற்பது 25,000 மட்டும். வட்டியோ இன்னும் முழு 50,000க்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசி மாதம் கையில் நிற்கிற நாலாயிரத்துச் சொச்சத்துக்கும் அதே 1,000 ரூபா வட்டி. சரியாகக் கணக்குப் பார்த்தால் உண்மையான வருட வட்டி 41 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதே 24 சதவீதத்தைக் குறைந்துவரும் மீதிக்கு மட்டும் போட்டிருந்தால் வட்டி ஏறத்தாழ 6,700 ரூபாவோடு முடிந்திருக்கும். ஆகவே கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வட்டி முழுத் தொகைக்கா, மீதிக்கா?" இதைக் கேட்கத் தெரிந்தால் போதும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபா வரையான நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்தது. நல்ல காரியம், பல வீடுகள் மூச்சு விட்டன. ஆனால் வட்டிக் கணக்கு புரியாமலே அடுத்த கடனுக்குக் கையெழுத்துப் போட்டால் திரும்பவும் அதே இடத்தில்தான் போய் நிற்போம்.

அடுத்தது கடல். மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஊர் நம்முடையது, ஆனாலும் நீந்தத் தெரியாமல் வளர்கிற பிள்ளைகள் எத்தனை பேர், அதிலும் பெண்பிள்ளைகள்! இது எனக்கு மனதை உறுத்துகிற விஷயம். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் கடலில் பழக்க முடியாது. சித்திரை, வைகாசிக்குப் பிறகு உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடல் அடங்கியிருக்கும் காலத்தில், பெண்பிள்ளைகளுக்குப் பெண்களையே வைத்து, பெற்றோர் கரையில் இருக்கப் பழக்கலாம். நீந்துவதோடு சேர்த்துச் சொல்லவேண்டியது இன்னும் இருக்கிறது. நீரோட்டம் உள்ளே இழுத்தால் அதை எதிர்த்து நேரே கரைக்கு நீந்தாதீர்கள், களைத்துப்போவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையிலிருந்து வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்புங்கள். ஒருவர் தத்தளித்தால் பாய்ந்து இறங்காதீர்கள், காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போய்விடுவார். மூடி இறுக்கிய வெற்றுப் பிளாஸ்டிக் கான் ஒன்றில் கயிறு கட்டி எறியுங்கள். வெளியே எடுத்தபின் தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்குவது இரண்டும் வேண்டாம். மூச்சில்லை என்றால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்கச் சொல்லிவிட்டு உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, மார்பை அழுத்தத் தொடங்குங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. அந்த அம்புலன்ஸ் இலவசம். இதையெல்லாம் காதால் கேட்டுப் பயனில்லை, கை பழகவேண்டும். அதனால்தான் பேச்சு மட்டும் நடக்கிற வகுப்பில் எனக்கு நம்பிக்கை குறைவு.

சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரம் முழுக்கச் செயலமர்வுகள் நடந்தன, உங்களுக்கு நினைவிருக்கும். பதாகை, குழுப் படம், சாப்பாட்டுப் பார்சல், சான்றிதழ். சிலவற்றால் உண்மையாகவே பயன் இருந்தது, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் பல வகுப்புகள் காலை ஒன்பது மணிக்கு நடந்தன. கடலுக்குப் போய் விடியற்காலையில் கரைக்கு வந்தவர் அந்த நேரம் தூங்கவேண்டாமா? பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு அடுப்படியில் நிற்கிற அம்மா எப்படி வருவார்? சனத்துக்கு அக்கறை இல்லை என்று அப்புறம் அறிக்கையில் எழுதினார்கள். அது அநியாயம்.

சொல்லிக்கொடுப்பவர் வெளியிலிருந்து வரத் தேவையில்லை என்பதும் என் எண்ணம். வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர், ஆஸ்பத்திரித் தாதி ஒருவர், மின்சார வேலை தெரிந்த ஒருவர், எந்தக் கிராமத்திலும் இருப்பார்கள். ஏ/எல் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிற பிள்ளைகளுக்குப் போன் விஷயம் முழுக்கத் தெரியும், ஆனால் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் எங்கே பார்ப்பது என்று தெரியாது. பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே அறையில் இருந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கட்டும். அதில் பெரியவர்களின் வெட்கம் பாதி போய்விடும்.

இன்னொன்று, கந்தோர்க் காரியம். 1987இலேயே தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி ஆகிவிட்டது. நீங்கள் தமிழில் எழுதலாம், தமிழில் பதில் கேட்கலாம். 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தகவல் கேட்கக் காரணம் சொல்லவேண்டியதில்லை, தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு செய்யவேண்டும். உங்கள் வீதி வேலை ஏன் நின்றது, வீட்டுத் திட்டப் பட்டியலில் ஏன் பெயர் இல்லை என்று வாயால் கேட்டுக் களைத்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஒரு கடிதம் எழுதப் பழகுவோம், பிரதி ஒன்று கையில் வைத்து, ஒப்படைத்ததற்கு ஒப்பம் வாங்கவும் பழகுவோம்.

சரி, இனிச் செய்யவேண்டியதற்கு வருகிறேன். அடுத்த கிழமையிலிருந்து இந்த மண்டபம் இரவு ஏழு மணிக்குத் திறந்திருக்கும். பாடத்திட்டம் எதுவும் இல்லை, நீங்கள் கொண்டுவருவதுதான் பாடம். லோன் புத்தகம் இருந்தால் எடுத்து வாருங்கள், நிரப்பத் தெரியாத படிவம் இருந்தால் அதையும். பெயர் பதிவு கிடையாது, படம் எடுக்கமாட்டோம். சின்னப் பிள்ளைகளையும் கூட்டி வரலாம், பார்த்துக்கொள்ள அக்காமார் இருப்பார்கள். நீச்சல் பழக விருப்பமுள்ள பெண்பிள்ளைகளின் அம்மாமார் மட்டும் இன்றைக்குப் போகுமுன் என்னோடு கொஞ்சம் கதைத்துவிட்டுப் போங்கள், எந்தக் கரை, எந்த நேரம் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கவேண்டும்.