வானொலியில் எங்கள் ஊரின் பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

என் பெரியப்பா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வேளாண்மை செய்தவர். வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, காவலுக்குப் போனால் பரணில் ஒரு சின்ன றேடியோ தொங்கும். பற்றரி மூடி தொலைந்து, றப்பர் பட்டி போட்டு இறுக்கிய றேடியோ. இலங்கை வானொலியில் நேயர் விருப்பம் போகிற நேரம் அது அவர் காதோடு இருக்கும். பாட்டுக் கேட்டவர்களின் பெயரோடு ஊரையும் வாசிப்பார்கள். வந்தாறுமூலை, ஏறாவூர், களுவாஞ்சிக்குடி என்று ஏதாவது ஒன்று வந்துவிட்டால், பக்கத்துப் பரணில் இருப்பவரைக் கூப்பிட்டுச் சொல்லாமல் விடமாட்டார். பாட்டு என்ன பாட்டு என்று கேட்டால் பல நாள் அவருக்கு ஞாபகம் இருக்காது.

ஊரின் பெயரைச் சொல்லும் அந்தக் குரல் பல நாடுகளில் எப்படி இல்லாமல் போனது என்பதைத்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

இதைத் தெளிவாகப் பார்க்கக்கூடிய இடம் ஐக்கிய அமெரிக்கா. 1996 வரை அங்கே ஒரு நிறுவனம் நாடு முழுக்க 40 வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த ஆண்டு வந்த தொலைத்தொடர்புச் சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. பெரிய நகரம் என்றால் ஒரே நகரத்தில் எட்டு நிலையங்கள் வரை ஒருவரே வைத்துக்கொள்ளலாம் என்றும் ஆனது. கிளியர் சனல் என்ற நிறுவனம் சில ஆண்டுகளுக்குள் 1,200 நிலையங்களுக்கு மேல் சேர்த்துக்கொண்டது. விளம்பரத்தை மொத்தமாக விற்கலாம், பாட்டுப் பட்டியலை ஒரே இடத்தில் போடலாம் என்பது கணக்கு. ஆனால் 2008இல் அந்த நிறுவனமே பெருங்கடனில் கைமாறியது. வட்டி கட்ட வேண்டும் என்றால் செலவைக் குறைக்க வேண்டும். வானொலியில் முதலில் குறைக்கக்கூடிய செலவு மைக்குக்கு முன்னால் இருக்கிற ஆள்தான். அவ்வளவு குறைத்தும் 2018இல் அது கடன் கட்ட முடியாமல் நீதிமன்றத்துக்குப் போனது.

ஆளைக் குறைத்த விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான்கு மணி நேர நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் பேசுவது சில நிமிடங்கள்தானே. அந்தப் பேச்சை மட்டும் முன்கூட்டியே பதிந்துவிடுவார். பாட்டுகளுக்கு இடையில் கணினி அதைச் செருகிக்கொள்ளும். அப்புறம் அதே ஆள், அதே கதிரையில் இருந்து, அடுத்த நகரத்துக்கும் பேசுவார். அங்கே என்ன மழை, எந்தச் சந்தியில் என்ன விழா என்று ஒரு தாளில் இருக்கும். தான் கால் வைக்காத ஊரைத் தன் ஊர் போலச் சொல்லுவார். கேட்கிறவருக்குத் தெரியாது.

2002 ஜனவரி 18, வடக்கு டகோட்டாவில் மைனொட் என்ற நகரம். நடுச்சாமம் கழிந்த நேரம் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டு அமோனியா வாயு ஊருக்குள் பரவியது. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோருக்கு மூச்சும் கண்ணும் பாதிக்கப்பட்டன. அந்த நகரத்தின் ஆறு வணிக வானொலிகளும் கிளியர் சனலுக்குச் சொந்தம். பொலிஸார் வானொலி நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தபோது பதில் கிடைக்கவில்லை. நிலையத்தில் ஆள் இருந்தார், பொலிஸார்தான் அவசர அறிவிப்புக் கருவியைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்றது நிறுவனம். யார் பிழை என்று இன்னும் பேசுகிறார்கள். 1978 நவம்பரில் சூறாவளியையும் 2004 டிசம்பரில் சுனாமியையும் கண்ட எங்கள் கிழக்குக் கரைக்கு அந்த இரவு எப்படிப்பட்டது என்று விளங்கும்.

சரி, எங்கள் கதை வேறு. அங்கே ஊருக்கு ஊர் வானொலி இருந்து, பிறகு பறிபோனது. இங்கே தனியார் பண்பலைகள் வந்தபோதே கொழும்பில் இருந்துதான் வந்தன. ஒரே குழுமத்துக்குச் சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. அவை நல்ல அறிவிப்பாளர்களைத் தந்தன, அதை மறுக்கமாட்டேன். அம்பாறைப் பக்கம் பிறை எப்.எம். போன்ற முயற்சியைத் தவிர்த்துப் பார்த்தால், இந்த மண்ணில் வேர்விட்ட வானொலி எங்களுக்கு அரிது. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திப் பாட்டுப் பாடுகிறார்கள், அது கோயில் ஒலிபெருக்கியோடு நின்றுவிடுகிறது. அக்கரைப்பற்றுப் பக்கம் முஸ்லிம் பெண்கள் பாடும் கவியும், வடமோடி தென்மோடிக் கூத்துப் பாட்டும் அப்படித்தான். நாள் முழுக்க அலைவரிசையில் போவது தமிழகத்துச் சினிமாப் பாட்டு.

நான் சங்கீதம் படிப்பிக்கிறவள். என்னிடம் படித்த தம்பி ஒருவன், கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளை, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் மத்தளமும் பழகியவன், ஒரு பாட்டுக் கட்டினான். யன்னலில் மெத்தையைச் சாத்தி வைத்து, அறைக்குள்ளேயே பதிந்தான். பென்டிரைவில் போட்டுக்கொண்டு இரவுக் கோச்சியில் கொழும்புக்குப் போனான். அங்கே ஒரு நிலையத்தில் அரை நிமிடம் கேட்டார்களாம். “மத்தளம் கூடுதலா இருக்கு தம்பி, எங்கட பட்டியலுக்குப் பொருந்தாது” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வந்து என்னிடம் சொன்னபோது அவன் அழவில்லை, எனக்குத்தான் தாங்கவில்லை.

அமெரிக்காவில் 2000இல் இருந்து ஒரு சின்ன வழி திறந்திருக்கிறார்கள். லாப நோக்கில்லாத ஊர்ச் சங்கங்களுக்கு 100 வாட் வானொலி. ஐந்து, ஆறு கிலோமீட்டருக்குக் கேட்கும். கல்லடியில் ஒன்று வைத்தால் மட்டக்களப்பு நகரத்தையும் காத்தான்குடியையும் தொட்டுவிடும். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்பதற்கு இதைவிட எளிய ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. மகாவலியிலும் கொத்மலையிலும் 1980களிலேயே சமுதாய வானொலி நடத்திய நாடு இது. அப்படியொரு சின்ன வானொலிக்கான அனுமதியை எங்கள் சங்கங்களும் கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும்.

அந்தத் தம்பியின் பாட்டை இந்த உரைக்குப் பிறகு ஒலிபரப்ப நிலையத்தார் இசைந்திருக்கிறார்கள். மத்தளத்தைக் குறைக்கட்டுமா என்று ஒலிப்பதிவாளர் கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்றேன்.