ஜெர்மன்காரனிடம் ‘குந்து’ என்றால் குந்துவானா? ராயபுரம் ஷ்னாசருக்கு வீட்டிலேயே பயிற்சி, முடிவெட்டு

(மொட்டை மாடி. நாயின் வலது பக்கம் வெட்டியாகிவிட்டது, இடது பக்கம் புதர்.)

வணக்கம் மக்களே. முதலில் இதைப் பாருங்கள். “மேஸ்திரி, குந்து!”

(குந்துகிறான்.)

பார்த்தீர்களா? மினியேச்சர் ஷ்னாசர், பூர்விகம் ஜெர்மனி, பாஷை ராயபுரம். அந்தப் புருவத்தையும் தாடியையும், நாம் ஏதோ தப்பாக வேலை செய்வதுபோல் பார்க்கிற பார்வையையும் வைத்துக்கொண்டு மேஸ்திரி என்ற பெயரைத் தவிர வேறு என்ன வைப்பது, சொல்லுங்கள். பிடித்திருந்தால் சப்ஸ்கிரைப் செய்யுங்கள், இல்லையென்றால் கீழே திட்டிவிட்டுப் போங்கள், அதுவும் கணக்குதான்.

வரலாற்றை வேகமாக ஓட்டிவிடுகிறேன். ஜெர்மன் மொழியில் ‘ஷ்னவுட்சே’ என்றால் விலங்கின் மூஞ்சி, அதிலிருந்து வந்த பெயர். தோள் உயரத்தில் மூன்று சைஸ் உண்டு: 30 முதல் 35 செ.மீ. (நம்ம மினியேச்சர் இதுதான்), 45 முதல் 50, அப்புறம் 60 முதல் 70. பண்ணையில் எலி பிடித்த பரம்பரை. அவ்வளவுதான்.

எலி என்றதும் காசிமேட்டு நண்பன், “அப்போ நம்ம பெருச்சாளிக்கு சரியான ஆள்டா” என்றான். வேண்டவே வேண்டாம். நம்மூர்ப் பெரிய பெருச்சாளி ஒரு கிலோ வரைகூட வளரும், இவனே ஏழு கிலோதான். அதைவிட முக்கியம், எலியின் மூத்திரத்தில் லெப்டோஸ்பைரா என்ற கிருமி இருக்கலாம். நாய்க்கும் வரும், நமக்கும் வரும். மழை பெய்து தெருவில் தண்ணீர் நிற்கிற நாளில் இவனை அதில் இறக்கவே மாட்டேன். தடுப்பூசியை டாக்டரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

சரி, ‘குந்து’ கதைக்கு வருகிறேன். ஆரம்பத்தில் நான் ‘சிட்’ என்பேன், அம்மா ‘உட்காருடா கண்ணா’ என்பார், மாமா வந்தால் ‘டேய் உக்காரு’ என்று அதட்டுவார். இவன் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவான். இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் ‘உட்காருங்க உட்காருங்க’ என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்போம், நாய்க்கு அது ஃபேன் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. தாத்தா போன பிறகு ‘குந்து’ என்று சொல்ல வீட்டில் ஆளே இல்லை. சின்ன வார்த்தை, யாரும் புழங்காத வார்த்தை, அதையே எடுத்துக்கொண்டோம். நாய்க்கு அகராதி தெரியாது, எல்லோரும் ஒரே சத்தத்தைச் சொன்னால் போதும். தோல் நீக்கி, உப்பு போடாமல் வேகவைத்த கோழியில் கடலை அளவு பிய்த்து, மூக்குக்கு மேலே காட்டி, மெதுவாகத் தலைக்குப் பின்னால் நகர்த்துங்கள். தலை மேலே போனால் பின்பக்கம் தானாகக் கீழே வரும். அந்த நொடியில் ‘சபாஷ்’, உடனே துண்டு. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் இவனே கடையை மூடிவிடுவான்.

குரைப்பு? அது இவன் தொழில். மீன்காரம்மா குரல் கேட்டதும் தொடங்குவான். நாமும் சேர்ந்து கத்தினால், நீயும் குரைக்கிறாயா, சரி வா என்று இன்னும் உற்சாகமாகிவிடுவான். அந்தக் குரலை போனில் பதிந்து, சின்ன சத்தத்தில் போட்டு, அவன் இரண்டு நொடி சும்மா இருந்தால் துண்டு கொடுத்தேன். பிறகு ஐந்து நொடி, பத்து நொடி, சத்தத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். இப்போது இரண்டு குரைப்போடு நிறுத்திக்கொள்கிறான். மூன்றாவதை எதிர்பார்த்து மீன்காரம்மாவே நின்று பார்க்கிறார்.

இப்போது முடி. எனக்குப் பிடித்த ஏரியா, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

(இரண்டு பக்கத்தையும் தடவிக் காட்டவும்.)

இவன் உடம்பில் இரண்டு அடுக்கு. மேலே தேங்காய் நார், கீழே இலவம் பஞ்சு. வளைக்குள் முகத்தை விடுகிற நாய்க்கு அந்த நார்தான் கவசம். நாய்க் கண்காட்சிக்குப் போகிற ஷ்னாசர்களின் முதுகில் கத்தரியே வைக்க மாட்டார்கள். முற்றி உதிரத் தயாரான மேல் முடியை விரலால், வளர்ந்த திசையிலேயே பிடுங்குவார்கள், அந்த இடத்தில் புது நார் முளைக்கும். மெஷின் போட்டால் நார் பாதியில் வெட்டுப்படும், போகப்போக முடி மெத்தென்று ஆகிவிடும், நிறமும் மங்கும். இவன் எந்த மேடையில் ஏறப்போகிறான்? நான் மெஷின் கட்சி.

ஆனால் முதலில் சீப்பு. நாம் மேலாகச் சீவிவிட்டு பளபள என்று இருக்கிறதே என்று நினைப்போம். அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் விரல் இடுக்கிலும் சிக்கு ஒளிந்திருக்கும், உண்ணியும் அங்கேதான். இரும்புச் சீப்பு தோல் வரை போக வேண்டும். குளிப்பாட்டுவது அதற்குப் பிறகுதான், நனைந்தால் சிக்கு இறுகிவிடும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் அடி முடி ஈரமாகவே கிடந்தால் தோல் புண்ணாகும், அதனால் முழுக்கக் காய்ந்த பிறகுதான் மெஷின். முதுகுக்கு 10-ஆம் நம்பர் பிளேடு, முடி படிந்த திசையில். பிளேடு சூடாகும், அவ்வப்போது உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அவனுக்கும் சுடும். வெயில் என்று மொட்டை அடிக்காதீர்கள் அக்கா, வெறும் தோலில் வெயில் இன்னும் நேராக விழும். புருவத்தை முன்பக்கம் சீவி, கத்தரி முனை கண் பக்கம் திரும்பாமல் வெட்டுங்கள்.

தாடியைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள், இல்லையென்றால் உங்கள் சோபா மீன் மார்க்கெட் ஆகிவிடும். நகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, உள்ளே ஓடும் ரத்தக்குழாயில் படாமல் வெட்டுங்கள்.

இதை மட்டும் சிரிக்காமல் சொல்கிறேன். இந்த ஜாதிக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறுகிற வாகு உண்டு, கணையம் வீங்கும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மிச்சம், கோழித் தோல், மட்டன் கொழுப்பு எதுவும் கூடாது. விடாமல் வாந்தி எடுத்து, முதுகைக் கூனிக்கொண்டு, வயிற்றைத் தொட விடவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். நமக்கு வேப்பேரி பக்கம்தானே, 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது.

சரி, இடது பக்கம்...

(மெஷின் சத்தம். நாய் எழுந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகிறது.)

மேஸ்திரி, குந்து. டேய். குந்துடா... போய்விட்டான். மீதி நாளைக்கு.