பாவடி போனால் தறி போகும்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் கைத்தறித் துறை அலுவலர் அவர்களே, பந்தல் போட்டுக் கொடுத்த வணிகர் சங்கத்தாரே, தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

1905 ஆகஸ்ட் 7இல் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கியது. அந்த நாளைத்தான் 2015 முதல் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடுகிறோம். எனக்குத் தந்த தலைப்பு ‘உலகமயமும் ஊரும்’. வேலை, குடும்பம், வழிபாடு என்று மூன்றாகப் பிரித்துப் பேசலாம் என்றிருக்கிறேன்.

“நூலைப் போல சேலை” என்பார்கள். நமக்கு வந்த நூல் எப்படிப்பட்டது? 1974 முதல் பணக்கார நாடுகள் துணி இறக்குமதிக்குக் கோட்டா, அதாவது இவ்வளவுதான் வரலாம் என்ற வரம்பு, வைத்திருந்தன. குடிசைத் தொழிலாக நெய்த கைத்தறித் துணிக்கு அதில் விலக்கு உண்டு. 2005 ஜனவரி 1இல் கோட்டாவே ஒழிந்தது. விலக்குக்கு இருந்த மதிப்பும் அன்றோடு போயிற்று. உள்நாட்டிலோ, 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி கைத்தறிக்கென ஒதுக்கிய 22 ரகங்கள் பின்னர் 11 ஆகச் சுருங்கின. 1995-96 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் கைத்தறித் தொழிலாளர் சுமார் 65 லட்சம்; 2019-20இல் 35 லட்சம்.

உலகச் சந்தை நமக்குப் புதிதல்ல. 1950களின் இறுதியில் மெட்ராஸ் கட்டம்போட்ட துணி கப்பலேறி அமெரிக்கா போனது. தாவரச் சாயம்; குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலச வேண்டும். அந்த ஒரு வார்த்தை கடைக்காரர் காதுக்குப் போகவில்லை என்று சொல்வார்கள். அங்கேயோ துவைக்கும் இயந்திரம், சுடுதண்ணீர், சோப்புத்தூள். சட்டையில் இருந்த சிவப்பு வெள்ளைத் துண்டில் ஏறியது, நீலம் பக்கத்துச் சட்டையில் ஏறியது. சண்டைக்கு வந்தார்கள். வழக்குப் போடுவோம் என்றார்களாம். விளம்பரக்காரர்கள் என்ன செய்தார்கள்? ‘சாயம் போகும், உத்தரவாதம்’ என்று போட்டார்கள்! ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புது நிறம் என்றார்கள். குறை சொன்ன அதே ஊர்க்காரர்கள் தேடி வந்து வாங்கினார்கள். அன்று அந்தச் சந்தைக்கு நம் கை தேவைப்பட்டது. இன்று அதே கட்டத்தை விசைத்தறி பாதி விலைக்கு இறக்கிவிடுகிறது.

இதனால் ஊர் எப்படிக் கலைகிறது? பாவடியைப் பாருங்கள்; நெசவுக்கான நீள இழைகளை, அதாவது பாவை, விரித்துக் கஞ்சி போடும் பொது இடம் அது. நாலு சேலைக்குப் பாவு என்றால் 22 மீட்டர், கழிவும் முடிச்சும் சேர்ந்து 24, ஏறக்குறைய 80 அடி. 48 அங்குல அகலம், அங்குலத்துக்கு 72 இழை என்றால் 3,456 இழைகள். விடியுமுன் அதை விரித்து இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, ஒரே திசையில் தூரிகை போட வேண்டும். கஞ்சி கெட்டியானால் இழை விறைத்துத் தறியின் அச்சுச் சீப்பில் ஒடியும். நீர்த்தால் பஞ்சு கிளம்பி உராய்ந்து அறும். வெயில் ஏறிவிட்டால் தூரிகை படுமுன்பே காய்ந்து இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். அதனால் ஆறேழு பேர் ஒரே நேரத்தில் நின்றாக வேண்டும். இன்று உன் பாவுக்கு நான், நாளை என் பாவுக்கு நீ. இதற்குக் கூலி கிடையாது.

நெசவுக் கூலி கட்டுப்படியாகாமல் இரண்டு வீட்டார் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். பாவுக்கு ஆள் குறைகிறது. மூன்றாவது வீட்டுக்காரர் சைசிங் மில்லுக்குக் காசு கொடுத்துக் கஞ்சி போட வேண்டும், கையில் நிற்கும் கூலி இன்னும் குறைகிறது, அவரும் கிளம்புகிறார். குறுக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்த மனைவிக்குத் தறியோடு வேலையும் போகிறது. பாவு விரியாத பாவடியில் முதலில் வண்டி நிற்கும், பிறகு கடை முளைக்கும். நூலைப் போல சேலை. பாவடியைப் போல தெரு. சேலத்தில் பள்ளிக்கூடத்துக்கே பாவடி என்று பெயர் இருக்கிறது. அத்தனை பெரிய சொல் அது.

வழிபாடு பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு வேண்டுகோள் மட்டும். வரும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் நம் பாவடியைப் பொதுப் பயன்பாட்டு நிலமாகக் காக்கத் தீர்மானம் போட வேண்டும். புல எண், நான்கெல்லை, பரப்பளவு மூன்றும் தீர்மானத்தில் இருக்கட்டும். ‘பாவடி மைதானம்’ என்று மொட்டையாக எழுதினால் ஆக்கிரமிப்பை அளக்க வரும்போது எல்லைக்குச் சண்டை வரும். எழுதிய தீர்மானத்தின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மனு மேடைக்கு இடப்பக்க மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.