அத்தைக்கு விழாத தாயம்

வணக்கம் நேயர்களே. நான் இங்க சிங்கப்பூர்ல உயர்நிலைப் பள்ளி பிள்ளைங்களுக்கு கணக்கு டியூஷன் எடுக்கறேன். நிகழ்தகவு, அதாவது ஒண்ணு நடக்க எவ்வளவு வாய்ப்புங்கற கணக்கு, அதைப் பத்தி பேச முடியுமான்னு கேட்டாங்க, கேட்ட உடனே எனக்கு ஞாபகம் வந்தது போன தீபாவளி ராத்திரி எங்க வீட்டு ஹால்ல பாய் விரிச்சு தாயம் ஆடினதுதான்.

தேக்காவுல வாங்கின பித்தளைக் கட்டை ரெண்டு. ஒவ்வொண்ணுலயும் நாலு பக்கம், ஒரு புள்ளி, ரெண்டு, மூணு, அப்புறம் புள்ளியே இல்லாத வெறும் பக்கம். ஒண்ணு வெறுமையாவும் இன்னொண்ணு ஒத்தைப் புள்ளியாவும் விழுந்தாத்தான் தாயம், அது விழாம காயை இறக்க முடியாது. எங்க அத்தை பத்து தடவை போட்டாங்க, விழல. "பத்து தடவை விழலன்னா இப்ப விழுந்தே ஆகணும்டா, ஒரு நியாயம் வேணாமா"ன்னு கட்டைய உள்ளங்கையில வச்சு உருட்டிக்கிட்டே கேட்டாங்க.

அந்த கேள்வி ரொம்ப நல்ல கேள்விங்க, யாரும் சிரிக்காதீங்க. ஏன்னா சில இடத்துல அத்தை சொல்றது சரிதான். சமூக மன்றத்துல குலுக்கல் வைக்கறாங்கன்னு வச்சுக்குவோம், டப்பாவுல 20 சீட்டு, ஒண்ணுலதான் பரிசு. பத்து சீட்டு எடுத்து பரிசு வரல, எடுத்ததை திருப்பி போடறதும் இல்ல, அப்ப மிச்சம் இருக்கற பத்துல ஒண்ணு கண்டிப்பா பரிசு சீட்டு, அடுத்து எடுக்கறவருக்கு 20ல 1 இல்ல, 10ல 1. முன்னாடி நடந்தது பின்னாடி நடக்கறத மாத்துது, ஏன்னா டப்பாவுல சீட்டு குறையுது. கட்டைல என்ன குறைஞ்சது சொல்லுங்க? பத்து தடவை போட்ட பிறகும் அதே நாலு பக்கம் அப்படியேதான் இருக்கு. இப்படி ஒண்ணு நடந்தது அடுத்ததோட வாய்ப்பை மாத்தாம இருக்கறதைத்தான் நாங்க சார்பிலா நிகழ்ச்சின்னு சொல்றோம்.

கணக்கு போட்டுப் பாத்துடலாம். முதல் கட்டைக்கு 4 வழி, ரெண்டாவதுக்கு 4 வழி, மொத்தம் 16. தாயம் அதுல 2 வழிலதான் வரும், அதாவது எட்டுல ஒண்ணு. அப்ப எட்டு தடவை போட்டா ஒரு தடவை விழணும்லன்னு அத்தை விடல. விழாம போறதுக்கு ஒவ்வொரு தடவையும் எட்டுல ஏழு, அதை எட்டு தடவை பெருக்கினா 34 சதவீதம் வருது. பத்து தடவைக்கு 26 சதவீதம், அதாவது பத்து தடவை போடறவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு தாயமே விழாது, அத்தைக்கு நடந்தது ஒண்ணும் அதிசயம் இல்ல. இப்படி வாய்ப்பை கூட்டிக்கிட்டே போற தப்பை பிரான்ஸ்ல ஒரு சூதாடியும் பண்ணார், பேரு டி மேரே. ஒரு பகடைய 4 தடவை உருட்டினா குறைஞ்சது ஒரு தடவை ஆறு விழ 51.8 சதவீதம், அதனால ரெண்டு பகடைய 24 தடவை உருட்டினா ரெட்டை ஆறும் அதே அளவு விழணும்னு நினைச்சார், ஆனா அது 49.1தான். இந்த மாதிரி சூதாட்டக் கேள்விங்கள்லேர்ந்துதான் 1654ல பாஸ்கல், ஃபெர்மான்னு ரெண்டு கணக்கு மேதைங்க ஒருத்தருக்கொருத்தர் கடிதம் எழுதி நிகழ்தகவுக்கு அஸ்திவாரம் போட்டாங்க.

எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. ரெண்டு கட்டையும் ஒரே நேரத்துல நிக்காது பாருங்க, ஒண்ணு முதல்ல நின்னுடும், இன்னொண்ணு பாய்ல உருண்டுக்கிட்டு இருக்கும். நின்ன கட்டைல ரெண்டோ மூணோ இருந்தா தாயம் போச்சு, வாய்ப்பே இல்ல. வெறும் பக்கமோ ஒத்தைப் புள்ளியோன்னா எட்டுல ஒண்ணா இருந்தது நாலுல ஒண்ணா ஏறிடும். ஆனா உங்களுக்கு வேண்டியது மொத்தம் மூணுன்னா? அது 16ல 4 வழில வரும், நாலுல ஒண்ணு. முதல் கட்டை எப்படி நின்னாலும் ரெண்டாவதுல அதுக்கு ஏத்த ஒரே ஒரு பக்கம் இருக்கு, அப்பவும் நாலுல ஒண்ணுதான். முதல் கட்டைய பாத்தும் மூணு விழுமான்னு உங்களுக்கு புதுசா எதுவும் தெரிய வரல, அழகா இல்ல?

கட்டை ஓரம் தேய்ஞ்சிருந்தா என்ன ஆகும்னு என் மருமகன் கேட்டான். எட்டுல ஒண்ணுங்கற அளவு கொஞ்சம் மாறும், ஆனா அப்பவும் போன தடவை விழுந்தது இந்த தடவைய தொடாது. இங்க இருக்கற 4டி லாட்டரி, நாலு இலக்க நம்பர் வாங்கறது, அதுவும் இப்படித்தான், ரொம்ப நாளா வராத நம்பராச்சேன்னு புதன் சனி ஞாயிறு தவறாம வாங்கறவங்க என் சொந்தத்துலயே இருக்காங்க, நானும் விடாம சொல்றேன், முதல் பரிசுக்கு ஒவ்வொரு தடவையும் 10,000ல 1தான், நேத்து வந்த நம்பருக்கும் அதே 10,000ல 1.

அத்தை அன்னிக்கு கேக்கல, போட்டுக்கிட்டே இருந்தாங்க. பதிமூணாவது தடவை ஒரு கட்டை வெறும் பக்கம் மேல தெரியற மாதிரி நின்னுச்சு, எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணையே பாத்தோம், அது பாய் ஓரத்துல தட்டி மூணு புள்ளி. பதினாலாவதுலதான் தாயம் விழுந்துச்சு, அதுக்குள்ள மாமா பாதி கட்டம் தாண்டிட்டார்.