“வேணும்னே செய்யுது”

(காரைக்குடியில் பெற்றோர் கூடிய ஒரு மாலையில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம்.

நம் பக்கத்து வளவு வீடுகளில் வளர்ந்தவர்களுக்குப் பழகிய காட்சிதான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. இரண்டு வயதுப் பிள்ளை பால் டம்ளரைத் தட்டிவிடுகிறது. “பாருங்க, வேணும்னே செய்யுது” என்கிறோம். மறுநாள் நம் கையிலிருந்தே டம்ளர் விழுந்தால், “தரை வழுக்குது, ராத்திரி தூக்கமே இல்லை” என்கிறோம். நமக்கென்றால் சூழ்நிலை, பிள்ளைக்கென்றால் குணம்!

மற்றவர் நடத்தைக்கு நாம் எப்படிக் காரணம் கற்பிக்கிறோம் என்று 1958இலேயே உளவியலாளர் ஃபிரிட்ஸ் ஹைடர் எழுதினார். சூழ்நிலையை விட்டுவிட்டுக் குணத்தையே பிடித்துக்கொள்ளும் பழக்கத்துக்கு 1977இல் இன்னொரு உளவியலாளர் லீ ராஸ் ஒரு பெயரும் வைத்தார். பெயர் இருக்கட்டும். “வேணும்னே” என்ற சொல்லுக்கும் ஓங்கிய கைக்கும் நடுவே இடைவெளியே இல்லை என்பதுதான் என் கவலை.

கலிஃபோர்னியாவில் டாஃப்னி புகென்டலும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஆய்வு ஒன்று 2002இல் வெளிவந்தது. பிள்ளை அடிபடும் ஆபத்துள்ள வீடுகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு யாரும் போகவில்லை. மற்ற இரண்டுக்கும் ஆட்கள் போய்வந்தார்கள். சில வீடுகளில் வழக்கமான உதவி மட்டும். வேறு சில வீடுகளில் கூடவே ஒரு கேள்வியும்: “பிள்ளை ஏன் இப்படிச் செய்கிறது என்று நினைக்கிறீர்கள்?” பழி சொல்லும் பதில் வந்தால், “வேறு என்னவாக இருக்கலாம்?” என்று மறுபடியும் கேட்பார்கள். யாரையும் குறை சொல்லாத ஒரு காரணம் அகப்படும்வரை விடுவதில்லை. அப்புறம் அதற்கு என்ன செய்யலாம் என்று தாயே யோசிப்பார். முதல் ஆண்டில் பிள்ளையை உடல்ரீதியாக வதைத்த தாய்மார், யாரும் வீடு தேடிப் போகாத பிரிவில் 26 சதவீதம், வழக்கமான உதவி கிடைத்த பிரிவில் 23. கேள்வி கேட்ட பிரிவில் 4. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அந்த 4ஐப் பார்த்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எட்டாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் அடித்து, முழங்கை வீங்கி வீட்டுக்கு வந்தேன். எண்ணெய் தடவிக்கொண்டே அப்பத்தா கேட்டார்: “நீ என்னப்பு செஞ்சே?” என்மேல் உயிரையே வைத்திருந்தவர். தப்பே செய்யாத பிள்ளைக்கும் அடி விழும் என்று நம்பப் பெரியவர்களுக்கே பயம். அதனால் காரணத்தைப் பிள்ளையிடம் தேடுகிறோம். உலகம் நியாயமாகத்தான் நடக்கிறது என்ற இந்த நம்பிக்கையைத்தான் உளவியலாளர் மெல்வின் லெர்னர் ஆராய்ந்தார்.

பாலியல் கொடுமை என்று வரும்போது இந்தப் பழக்கம் பிள்ளையின் வாயையே அடைத்துவிடுகிறது. “நீ ஏன் அங்கே போனே?” என்று ஒரு கேள்வி. “அவரா? கோயில் காரியமெல்லாம் எடுத்துச் செய்றவராச்சே” என்று ஒரு தீர்ப்பு. மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டு 2007இல் வெளியிட்ட ஆய்வு, கொடுமை செய்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள் என்கிறது. நல்லவர் என்ற பெயரை வைத்துப் பிள்ளையின் சொல்லைத் தள்ளாதீர்கள்.

அடிக்கிற தகப்பனுக்கும் குடி, கடன், தானே அடிபட்டு வளர்ந்தது என்று பின்கதை இருக்கலாம். அடுத்த அடியைத் தடுக்க அதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் விழுந்த அடிக்குப் பொறுப்பு அவருடையதே.

பாலியல் கொடுமை என்று தெரியவந்தால் புகார் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். குழந்தைகள் உதவி எண் 1098. வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறோம், போகும்போது குறித்துக்கொண்டு போங்கள்.