தஹஜ்ஜுத் நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

அஸ்ஸலாமு அலைக்கும். தஹஜ்ஜுத், அதாவது ராத்திரி தூங்கி எழுந்து தொழற உபரித் தொழுகை, அதோட நேரம் எப்பன்னு கேட்டா, "ராத்திரி 12 மணிக்கு மேல"ன்னு பல பேர் சொல்றாங்க. அது சரியான அளவு இல்லைங்க. மஃரிப்ல (சூரியன் மறைஞ்சதும் வர்ற தொழுகை) தொடங்கி சுபுஹு வக்து (விடியற்காலைத் தொழுகை நேரம்) நுழையுற வரைக்கும்தான் இரவு. அதனால பாதி இரவும் கடைசி மூணுல ஒரு பங்கும் மாசத்துக்கு மாசம் நகரும்.

மஃரிப் 6:30, சுபுஹு 5:00ன்னு வச்சுக்குங்க. நடுவுல பத்தரை மணி நேரம், 630 நிமிஷம். மூணால வகுத்தா 210. சுபுஹுல இருந்து 210 நிமிஷம் பின்னோக்கிப் போனா ராத்திரி 1:30. அல்லாஹ் முதல் வானத்துக்கு இறங்கி, "என்கிட்ட கேக்கறவங்க யாரு, நான் கொடுக்கிறேன்"னு சொல்றதா புகாரி, முஸ்லிம்ங்கற ஹதீஸ் (நபிமொழி) நூல்கள்ல வர்ற நேரம் அங்கதான் ஆரம்பிக்குது.

நிறைய பேர் எங்க தவறுறாங்கன்னா, சுபுஹுக்குப் பதிலா சூரிய உதயத்தை எடுத்துக்கறாங்க. உதயம் 6:15ன்னா கணக்கு 2:20க்குப் போயிடும். அம்பது நிமிஷம் வீணா கைவிட்டுப் போகுது! இஷாவுல (இரவுத் தொழுகை) இருந்து எண்ணினாலும் இதே மாதிரி தள்ளிப் போகும். ரமலான் அட்டையில சஹர் (நோன்புக்கு முன்னாடி சாப்பிடற சாப்பாடு) முடிவு நேரத்தைப் பேணுதலுக்காகச் சில நிமிஷம் முன்னாடியே போட்டிருப்பாங்க. அதையும் எடுக்காதீங்க, சுபுஹு வக்தைப் பாருங்க.

அல்லாஹ்வுக்கு ரொம்பப் பிரியமான தொழுகை தாவூத் நபியோடதுன்னு ஹதீஸ்ல வருது. பாதி இரவு தூங்கி, மூணுல ஒரு பங்கு நின்னு தொழுது, ஆறுல ஒரு பங்கு மறுபடி தூங்குவாங்க. நம்ம கணக்குல 11:45 வரை தூக்கம், 3:15 வரை தொழுகை, அப்புறம் சுபுஹு வரை தூக்கம். வேலைக்குப் போறவங்களுக்கு நான் சொல்றது 1:30க்கும் 3:15க்கும் நடுவுல ஒரு அரை மணி நேரம். கடைசிப் பங்கும் கிடைக்கும், தாவூத் நபியோட முறையிலயும் சேரும், சுபுஹு ஜமாஅத்துக்குத் (கூட்டுத் தொழுகை) தெம்பும் இருக்கும்.

தொழுகை ரெண்டு ரெண்டு ரக்அத்தா (ரக்அத்னா தொழுகையோட ஒரு சுற்று). சுபுஹு நெருங்கிடுச்சுன்னு பயந்தா வித்ரை (ராத்திரித் தொழுகையை முடிக்கிற ஒற்றைப்படைத் தொழுகை) தொழுது முடிச்சிடணும். ஷாஃபி மத்ஹபுக்காரங்க (மத்ஹப்னா மார்க்கச் சட்டப் பிரிவு) அதை ஒரு ரக்அத்தாகவும் தொழலாம், ஹனஃபி மத்ஹபுக்காரங்களுக்கு மூணு ரக்அத். பாங்கு சொல்ற வரைக்கும் இழுத்துட்டு நிக்காதீங்க. எழுந்திருப்போம்னு உறுதி இல்லாதவங்க இஷாவோடயே வித்ரு தொழுதுட்டுப் படுங்க. அப்புறம் விழிப்பு வந்துட்டா ரெண்டு ரெண்டா தொழுங்க, ஆனா திரும்ப வித்ரு வேண்டாம். ஒரே இரவுல ரெண்டு வித்ரு கிடையாது.

வழக்கமா தொழறவங்க தூக்கத்துல தவறவிட்டுட்டா மனசு உடைய வேண்டாம். தூக்கமோ நோவோ தடுத்தா நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் பகல்ல 12 ரக்அத் தொழுததா அவங்க மனைவி ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அறிவிக்கிறாங்க. சூரியன் உதிச்சு ஒரு இருபது நிமிஷம் போகட்டும், அதுக்கப்புறம் உச்சிக்கு வர்றதுக்குள்ள தொழுதுக்கலாம்.