மார்கழிக்கு முன் மைக் வாங்கப் போகிறவர்களுக்கு

வணக்கம். பின்னால் காக்கை கத்துவது கேட்கிறதா? அதை நான் வெட்டி எடுக்கவில்லை. இன்றைய பேச்சுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

பாடத் தொடங்கியிருக்கும் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது, வீட்டில் பதிவு செய்யவும் வேண்டும், கோயிலில் பாடக் கூப்பிட்டால் எடுத்துப் போகவும் வேண்டும், எதை வாங்குவது? முதலில் ஒரு நல்ல டைனமிக் மைக் வாங்குங்கள், அதாவது தனியாக மின்சாரம் தர வேண்டாத, மேடையில் பாடகர்கள் கையில் பிடிக்கும் வகை. கண்டென்சர் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கண்டென்சர் மைக் நுட்பமானது, மெல்லிய ஒலியையும் பிடித்துவிடும், அழகாகவும் ஒலிக்கும். மயிலாப்பூரில் ஒட்டி ஒட்டிக் கட்டிய குடியிருப்பில் அந்த நுட்பமே பகையாகிவிடுகிறது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், தெருவில் போகும் ஆட்டோ, தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி எல்லாம் உங்கள் குரலோடு சேர்ந்து பதிவாகும். கண்டென்சருக்குப் பொதுவாக 48 வோல்ட் மின்சாரமும் தர வேண்டும். சிறிய கோயில்களில் வாடகைக்கு வரும் ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் அந்த வசதி இருக்காது. யுஎஸ்பி மைக்கும் வேண்டாம். அதை மேடைக்கு எடுத்துப் போக முடியாது.

இதோ, என் கையில் இருப்பது ஷூர் எஸ்எம்58. 1966 முதல் விற்பனையில் இருக்கிறது. இந்த வலையைத் திருகிக் கழற்றுகிறேன், பாருங்கள். உள்ளே மெல்லிய பஞ்சு இருக்கிறது. வலையை மட்டும் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டலாம். இந்த மைக் முன்பக்கத்தை நன்றாகக் கேட்கும். பின்பக்கம் ஏறக்குறைய செவிடு. அதனால் மேடையில் நாம் கேட்பதற்கான ஸ்பீக்கரை மைக்கின் முதுகுக்கு நேராக வைக்கச் சொல்லுங்கள். வலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கவே கூடாது. பொத்தினால் பின்னால் வரும் ஒலியைத் தள்ளும் திறன் போய்விடும், உடனே ஸ்பீக்கர் ஊளையிடும். இதில் போலிகள் நிறைய உலவுகின்றன. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட கடையில் ரசீதோடு வாங்குங்கள்.

அடுத்தது கேபிள். இதை யாரும் மதிப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். போன பங்குனியில் ஒரு கோயிலில் ஆலாபனை பாதியில் இருந்தபோது மைக் கரகரவென்று இரைந்து செத்துவிட்டது. மிருதங்கக்காரர் என் முகத்தைப் பார்த்தார், விரல் நுனியால் மட்டும் தொட்டு வாசிக்கத் தொடங்கினார். மைக் இல்லாமலே அந்தப் பாட்டை முடித்தோம். வீட்டுக்கு வந்து பிளக்கைத் திறந்தேன். ஈயம் சரியாகப் பிடிக்காமல், மூன்று கம்பிகளில் ஒன்று முடி போலத் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் நல்ல வயரும் எக்ஸ்எல்ஆர் முனைகளும் (மைக் கேபிளின் மூன்று கம்பிச் செருகிகள்) வாங்கி நானே பற்றவைக்கிறேன். எப்போதும் இரண்டு கேபிள் பையில் இருக்கும்.

கணினியில் பதிவு செய்ய ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும், மைக்கின் ஒலியைக் கணினிக்கு மாற்றித் தரும் சிறு பெட்டி அது. டைனமிக் மைக்கின் ஒலி மெலிந்து வரும், கெயினை, அதாவது மைக் ஒலியைக் கூட்டும் திருகை, நிறையத் திருப்ப வேண்டியிருக்கும். எனவே கடையிலேயே மைக்கைச் செருகி, ஹெட்ஃபோன் மாட்டி, ஒன்றும் பேசாமல் கெயினை முக்கால் பங்குக்கு மேல் திருப்பிக் கேளுங்கள். சீறல் அதிகமாக இருந்தால் வேறொன்றைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு மைக் செருகும் வசதி இருந்தால் பிறகு மிருதங்கத்துக்கும் உதவும். பதிவு மென்பொருளுக்குச் செலவே வேண்டாம், ஆடாசிட்டி என்பது இலவசம். உச்சத்தில் பாடும்போது அதில் தெரியும் ஒலி அளவுமானி மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நின்றால் போதும்.

அறையின் எதிரொலியை அடக்க நான் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, பின்னால் கொடியில் இரண்டு கம்பளி தொங்கவிட்டிருக்கிறேன். விடியற்காலை நான்கரைக்குப் பதிவு செய்வேன், பால்காரர் வருவதற்குள் முடித்துவிடுவேன். இன்று காக்கைகள் எழுந்த பிறகு உட்கார்ந்திருக்கிறேன், வேண்டுமென்றேதான்.

ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரே வரியை இரண்டு முறை பாடுகிறேன், முதலில் கண்டென்சரில், பிறகு இந்த டைனமிக் மைக்கில். மின்விசிறி ஓடட்டும். காக்கையை மட்டும் கவனியுங்கள்.